பெயர் கப்பலில் வந்தது, வினை வரவில்லை

இந்தியாவில் உருளைக்கிழங்கின் வரலாறு பெரும்பாலும் விதையின் பயணமாகவே எழுதப்படுகிறது. ஆண்டீஸ் மலைப்பகுதியில் தோன்றிய கிழங்கு, ஐரோப்பியர் வழியாக இங்கு வந்து சேர்ந்தது. விதை வந்தது சரி; அதை விளைவிக்கும் கைவேலை எங்கிருந்து வந்தது?

உருளைக்கிழங்குக்கு மண் அணைக்காமல் முடியாது. விதைக்கிழங்கிற்கு மேலே கிளைக்கும் நிலத்தடித் தண்டுகளின் நுனியில்தான் புதிய கிழங்குகள் பருக்கின்றன. அவை மண்ணுக்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகும். சோலனைன் என்னும் நச்சுப்பொருள் கூடும். ஆகவே செடி வளர வளர, இருபுறத்து மண்ணையும் இழுத்துத் தூரில் குவிக்க வேண்டும்.

சொற்களைக் கவனியுங்கள். மராத்தியின் 'பட்டாட்டா' போர்ச்சுகீசியத்திலிருந்து பெற்றது. அதன் மூலம் கரீபியத் தைனோ மொழி, அங்கே அதற்குப் பொருள் சர்க்கரைவள்ளி. இந்தியின் 'ஆலு' கடன்சொல் அன்று. உண்ணும் கிழங்கைக் குறித்த பழைய 'ஆலுக'த்தின் வழிவந்த சொல் புதிய பயிருக்கு நீட்டிக்கப்பட்டது. பெயரில் இப்படி இரு வழிகள். வினையிலோ கடனே இல்லை. போர்ச்சுகீசியர் இவ்வேலையை 'அமொன்டோவா' என்பர்; அச்சொல் கரையேறவில்லை. இந்தியில் 'மிட்டி சடானா', மண்ணை ஏற்றுதல். மராத்தியில் 'பர் தேணே', மண்ணை இட்டு நிரப்புதல். தமிழில் அணைத்தல். முதலிரண்டும் மண்ணைப் பார்க்கின்றன; தமிழ்ச்சொல் செடியைப் பார்க்கிறது. (இதைத் தழுவுதல் என்று மட்டும் படித்து உருக வேண்டியதில்லை, நீரைத் தடுக்கும் அணையும் இவ்வேரினதே.)

வினைச்சொல் காலத்தைக் காட்டாது. ஆயினும் கரும்பு, மஞ்சள், இஞ்சி, சேம்பு ஆகியவை உருளைக்கிழங்குக்கு முன்பே இங்கு விளைந்தவை. இவற்றுக்கும் மண் அணைப்பு உண்டு. மராத்தியக் கரும்பு விவசாயிகள் இறுதி அணைப்பை 'மோட்டீ பாந்தணி', பெரிய கட்டு, எனத் தனியே பிரித்துச் சொல்கின்றனர். புதிய கிழங்கு, பழகிய கைகளிடம்தான் வந்து சேர்ந்தது என்பது என் முடிபு.

ஆவணங்களில் இக்கைகளைத் தேடுவது கடினம். இந்திய வேளாண்மையை ஆராய்ந்த வோல்க்கர், 1893இல் வெளிவந்த அறிக்கையில் இங்குள்ள உழவரின் கவனமான சாகுபடியைப் பாராட்டினார். வருவாய்ப் பதிவேடுகளோ பயிரின் பெயரையும் நிலத்தின் பரப்பையும் தீர்வையையும் குறித்தன. களைக்கொட்டு பிடித்துக் குனிந்து நின்றவருக்கு அவற்றில் பத்தி இல்லை.