ஸ்மார்ட் மணிக்கூடும் புதிய கைபேசியும்: மென்பொருள் இணக்கம்

ஸ்மார்ட் மணிக்கூடு ஒன்று முழுமையாக இயங்க, அதனுடன் இணையும் கைபேசியின் இயங்குதளம், துணைச் செயலி, புளூடூத் நெறிமுறை, பயனர் கணக்கு ஆகிய நான்கும் அதற்குப் பொருந்தி வரவேண்டும். இப்பொருத்தமே மென்பொருள் இணக்கம் எனப்படுகிறது. நேரம் காட்டவும் நடந்த அடிகளை எண்ணவும் பெரும்பாலான மணிக்கூடுகளுக்குக் கைபேசி தேவையில்லை. அழைப்பு, குறுஞ்செய்தி அறிவிப்பு, உடல்நலத் தரவுச் சேமிப்பு, மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அது தேவை. கைபேசியை மாற்றும்போதே இணக்கக் குறைவு பொதுவாக வெளிப்படுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொழும்பு இறக்குமதியாளர் வழியாக வரும் சாதனங்களுடன், கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் வாழும் உறவினர் கொண்டுவருவனவும் புழங்குகின்றன. அவற்றுள் பாவித்த சாதனங்களும் உண்டு. மணிக்கூடு ஒரு நாட்டிலும் கைபேசி இன்னொரு நாட்டிலும் வாங்கப்படுவதால், இரண்டும் பொருந்துமா என்பதை இங்கு தனியாகச் சரிபார்க்க வேண்டியுள்ளது.

இணைப்பின் அடுக்குகள்

2010இல் வெளியான புளூடூத் 4.0 தரம் குறைந்த மின்சக்தியில் இயங்கும் இணைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. இன்றைய மணிக்கூடுகள் பெரும்பாலும் இம்முறையையே பயன்படுத்துகின்றன. புளூடூத் பதிப்புகள் பழையவற்றையும் ஏற்பதால் இந்த அடுக்கில் சிக்கல் அரிது. இணைப்பு ஏற்பட்ட பின் எந்தத் தரவு எவ்வடிவில் செல்ல வேண்டும் என்பதைத் துணைச் செயலியே தீர்மானிக்கிறது. அந்தச் செயலி எதைச் செய்யலாம் என்பதைக் கைபேசியின் இயங்குதளம் கட்டுப்படுத்துகிறது. புளூடூத் பட்டியலில் மணிக்கூட்டின் பெயர் தெரிந்தும் அறிவிப்புகள் வராமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்விரு மேலடுக்குகளிலேயே இருக்கும்.

அப்பிள் மணிக்கூடுகள்

2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த அப்பிள் மணிக்கூடு ஐபோனுடன் மட்டுமே இணையும். மணிக்கூட்டின் இயங்குதளமான வோச்ஓஎஸ் பதிப்புக்கு ஈடான ஐஓஎஸ் பதிப்பு ஐபோனில் இருக்க வேண்டும். 2023இல் வந்த வோச்ஓஎஸ் 10, ஐபோன் எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிந்திய கைபேசியைக் கோருகிறது. ஐபோன் எக்ஸ் ஐஓஎஸ் 16உடன் நின்றுவிட்டதால், வோச்ஓஎஸ் 10 ஏற்றப்பட்ட மணிக்கூட்டை அதனுடன் இணைக்க முடியாது. 2025இல் வந்த வோச்ஓஎஸ் 26க்கு ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்.

பாவித்த அப்பிள் மணிக்கூட்டில் இன்னொரு தடையும் உண்டு. முன்னைய உரிமையாளர் தமது கணக்கிலிருந்து அதை நீக்காவிட்டால் செயற்படுத்தல் பூட்டு நீடிக்கும். எல்லாத் தரவையும் அழித்தாலும் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் புதிய ஐபோனுடன் இணையாது. வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் இணையம் வழியாகத் தமது கணக்கில் நுழைந்து இப்பூட்டை நீக்கலாம்.

அன்ட்ரொயிட் சார்ந்தவை

கூகுள் நிறுவனத்தின் மணிக்கூட்டு இயங்குதளமான அன்ட்ரொயிட் வெயார் 2014இல் அறிவிக்கப்பட்டு, 2018இல் வெயார் ஓஎஸ் எனப் பெயர் மாறியது. 2015 முதல் அது ஐபோனுடனும் இணைந்தது. 2021இல் வெயார் ஓஎஸ் 3உடன் வந்த சம்சுங் கலக்சி வோச் 4 ஐபோனை ஆதரிக்கவில்லை. டைசன் இயங்குதளம் கொண்ட சம்சுங்கின் முந்திய மணிக்கூடுகள் பல ஐபோனுடன் இயங்கியதால், ஒரே நிறுவனத்தின் பழைய மணிக்கூடு இணைய, புதியது இணையாத நிலை உருவானது. கலக்சி வோச் 4 வெளியானபோது அதற்கு அன்ட்ரொயிட் 6.0 போதுமாயிருந்தது; 2024இன் கலக்சி வோச் 7க்கு அன்ட்ரொயிட் 11 வேண்டும். கூகுள் சேவைகள் இல்லாத கைபேசிகளுடன் இவை முறையாக இணையா. இதயமின் வரைபடம் போன்ற வசதிகளுக்குச் சம்சுங் கைபேசியே தேவை.

புதிய கைபேசி, பழைய செயலி

புதிய கைபேசி பழைய துணைச் செயலியை ஏற்காமல் விடுவதும் உண்டு. அன்ட்ரொயிட் 14 (2023), அன்ட்ரொயிட் 6.0க்கு முந்திய பதிப்புகளை இலக்காகக் கொண்டு எழுதப்பட்ட செயலிகளை நிறுவ விடாது. 2022இல் வந்த கூகுள் பிக்சல் 7, 64-பிட் செயலிகளை மட்டுமே ஏற்கிறது. அன்ட்ரொயிட் 12 முதல் அருகிலுள்ள சாதனங்களை அணுகத் தனி அனுமதி தேவை. அன்ட்ரொயிட் 13 முதல், செயலிக் கடைக்கு வெளியே நிறுவப்பட்ட செயலி அறிவிப்புகளைப் படிப்பது இயல்பாகத் தடுக்கப்படுகிறது. விலை குறைந்த மணிக்கூடுகள் சிலவற்றின் பெட்டியிலுள்ள குறியீட்டை வருடிச் செயலியை நேரடியாக இறக்குவோர் இத்தடையைச் சந்திக்க நேரும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்தும் கைபேசிகளில், துணைச் செயலிக்கு விலக்கு அளிக்காவிட்டால் இணைப்பு அடிக்கடி அறும்.

தமிழ் அறிவிப்புகள்

தமிழில் வரும் செய்தியை மணிக்கூட்டில் வாசிக்க, ஒருங்குறித் தமிழ் எழுத்துருவுடன் எழுத்துகளை ஒழுங்கமைக்கும் நிரலும் அதில் இருக்க வேண்டும். “யாழ்ப்பாணம்” என்பதில் ஆறு எழுத்துகள் இருந்தாலும், ஒருங்குறியில் அது பதினொரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. “நெடுந்தீவு” என்பதில் நகரத்தின் குறியீடு முதலிலும் ஒற்றைக் கொம்பின் குறியீடு அடுத்தும் வரும்; திரையில் கொம்பு முன்னால் தோன்ற வேண்டும். “கோப்பாய்” என்பதில் ஓகாரக் குறி ஒன்றே ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். அப்பிள், வெயார் ஓஎஸ் மணிக்கூடுகள் இதைச் சரியாகச் செய்கின்றன. எளிய இயங்குதளம் கொண்ட மலிவான மணிக்கூடுகளில் எழுத்துரு இல்லையெனில் கட்டங்கள் தோன்றும். எழுத்துரு இருந்து ஒழுங்கமைப்பு இல்லையெனில் கொம்பும் புள்ளியும் இடம்மாறும். கைபேசி தமிழைச் சரியாகக் காட்டினாலும் இக்குறை நீங்காது.

கைபேசி மாற்றும் முறை

பெரும்பாலான மணிக்கூடுகள் ஒரு நேரத்தில் ஒரு கைபேசியுடனேயே இணைந்திருக்கும். பழைய கைபேசி அருகில் இயங்கிக்கொண்டிருந்தால் புதியதன் தேடலில் மணிக்கூடு தோன்றாமல் போகலாம். எனவே தரவைக் கணக்கில் சேமித்து, பழைய கைபேசியில் இணைப்பை நீக்கிய பின்பே புதியதில் இணைப்பது பொது முறை. அப்பிள் மணிக்கூட்டின் இணைப்பை ஐபோனிலிருந்து நீக்கும்போது காப்புப்படி தானாக உருவாகும். வெயார் ஓஎஸ் மணிக்கூடுகளைப் புதிய கைபேசிக்கு மாற்ற முன்னர் எல்லாத் தரவையும் அழிக்க வேண்டியிருந்தது. 2023இன் வெயார் ஓஎஸ் 4 இத்தேவையை நீக்கியது.

ஆதரவு முடிவும் திறந்த மாற்றுகளும்

2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கோடி டொலருக்கு மேல் திரட்டிய பெபிள் மணிக்கூட்டின் மென்பொருள் உரிமையை 2016இல் ஃபிட்பிட் வாங்கியது. 2018 யூன் இறுதியில் பெபிளின் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. ரெபிள் என்ற தன்னார்வக் குழு மாற்றுச் சேவையை அமைத்தது. கட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூலச் செயலி, நிறுவனச் செயலிகள் இல்லாமலே பல மணிக்கூடுகளை அன்ட்ரொயிட் கைபேசிகளுடன் இணைக்கிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், பிற நிறுவன மணிக்கூடுகளுக்கும் ஐபோன் அறிவிப்பு வசதிகளைத் திறந்துவிடும்படி அப்பிளுக்குப் பணித்தது. அவ்வாணை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இலங்கைப் பாவனையாளருக்கு அது பொருந்தாது.