பிறப்பு எடை

பிறந்த குழந்தையின் உடலளவுகளில் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகிய மூன்றும் முக்கியமானவை. இவற்றுள் எடைதான் மருத்துவர்களை அதிகம் வழிநடத்தியது, அதிகம் குழப்பியதும் அதுவே.

பாரிஸ் மெட்டர்னிட்டே மருத்துவமனையில் ஸ்டெஃபான் தார்னியே 1880-இல் இன்குபேட்டரைக் கொண்டுவந்தார். அதன்பின் அங்கு 2,000 கிராமுக்கும் குறைவான குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது. கொழுப்பில்லாத சிறிய உடலிலிருந்து சூடு விரைவாக வெளியேறிவிடும். அந்தக் குழந்தைகளில் பலரைக் கொன்றது குளிர்தான்.

பின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ இல்ப்போ 1919-இல் 2,500 கிராமைக் குறைப்பிரசவத்தின் எல்லையாக வைத்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே ஏற்றது. இதனால் நிறைமாதத்தில் மெலிந்து பிறந்த குழந்தையும் குறைமாதக் கணக்கில் சேர்ந்தது. வசதியான எண்தான், ஆனால் எடையையும் மாதத்தையும் ஒன்றாக்கிவிட்டது. 1961-இல் அந்நிறுவனம் இரண்டையும் பிரித்து, ‘எடை குறைந்த பிறப்பு’ என்று தனியாக வகுத்தது.

பிரித்தபின் வேண்டியிருந்தது ஓர் அளவுகோல். டென்வர் நகரின் லூலா லுப்சென்கோ 1963-இல் கர்ப்ப வாரத்துக்கு இவ்வளவு எடை என்று காட்டும் வளர்ச்சி வரைபடத்தை வெளியிட்டார். 2,000 கிராம் எடையில் 33-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை அதன் வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி உடையது, ஆனால் நுரையீரல் முதிராததால் அதற்கு மூச்சுத் திணறலாம். அதே எடையில் 39-ஆம் வாரத்தில் பிறந்தது கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காமல் நலிந்தது. அதற்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். தலைச் சுற்றளவு இங்கே உதவுகிறது. ஊட்டம் குறையும்போது கரு மூளைக்கு இரத்தத்தைத் திருப்பிக்கொள்வதால் உடல் மெலிந்தாலும் தலை வளர்ந்துவிடும். தலையும் சிறுத்திருந்தால் பின்னாளில் வளர்ச்சி தாமதமாகும் வாய்ப்பு கூடுதல். டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம், அங்கே குழந்தைகள் சற்று இலேசாகப் பிறப்பார்கள். உலகெங்கும் பயன்பட்ட வரைபடத்தில் இந்தக் குறையும் இருந்தது.

சுமந்த வயிறும் பால்குடிப் பருவமும் கடந்தும் எடையின் தாக்கம் நீள்கிறது என்று காட்டியவர் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். ஹார்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் எத்தல் மார்கரெட் பர்ன்சைடின் மேற்பார்வையில் இருந்த செவிலியர்கள் 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடை, ஒரு வயது எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விவரம் ஆகியவற்றைப் பேரேடுகளில் எழுதிவைத்திருந்தனர். அந்தக் குழந்தைகள் முதியவர்களான பின் எப்படி இறந்தார்கள் என்று பார்க்கரின் குழு தேடிப் பார்த்தது. எடை குறைந்து பிறந்து ஒரு வயதிலும் தேறாத ஆண்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தனர். 1989-இல் வெளியான இந்த முடிவை ஏற்கப் பலர் தயங்கினர். வறுமையே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. மைசூரின் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களை ஆராய்ந்தபோதும் எடை குறைவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தென்பட்டது.

அடுத்த திருத்தம் புனேயிலிருந்து வந்தது. சி. எஸ். யாக்னிக் குழு 2003-இல் சுற்றுவட்டாரக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரி எடை அங்கே 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. தசையும் வயிற்றுச் சுற்றளவும் குறைந்திருந்தாலும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தராசு காட்டிய மெலிவுக்குள் கொழுப்பு ஒளிந்திருந்தது. இந்தியர்களுக்கு ஒல்லியான உடலிலும் நீரிழிவு வருவதை விளங்கிக்கொள்ள இது ஒரு வழி.

பெரிய குழந்தைக்கும் சிக்கல் உண்டு. தாயின் நீரிழிவால் நாலு கிலோவைத் தாண்டும் குழந்தைக்குப் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், பிறந்ததும் அதற்கும் சர்க்கரை இறங்கலாம்.

2014-இல் இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் ஆய்விலிருந்து புதிய வாரவாரி அளவுகள் வந்தன. ஆனாலும் கடைசி மாதவிலக்குத் தேதி தெரியாத, ஸ்கேன் எடுக்காத பிரசவங்களில் வாரக் கணக்கு கைகொடுப்பதில்லை. அங்கெல்லாம் இல்ப்போவின் 2,500 கிராமே இன்னும் எல்லையாக இருக்கிறது.