சிகாகோவில் நகர ஊழியப் பயிற்சி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொழிலாளர், குடியேறிகள், வறியோர் நடுவே கிறிஸ்தவப் பணி செய்வோரைப் பழக்குவதற்காக 1870-களிலிருந்து தோன்றிய பள்ளிகளும் மையங்களும் இத்தலைப்பில் அடங்கும். நற்செய்தியாளர் டி. எல். மூடியின் பெயர் தாங்கிய வேதாகம நிறுவனம் இவற்றுள் உலகப் புகழ் பெற்றது. எனினும் அவருக்கு முன்னரே பயிற்சியைத் தொடங்கிவிட்டவர்கள் பெண்கள். வகுப்பறையில் எவ்வளவு, தெருவில் எவ்வளவு என்ற வழக்கு அவர்கள் காலத்திலேயே எழுந்தது. நூறாண்டு கழித்தும் தீரவில்லை.

1870-இல் சிகாகோவின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். 1890-இல் ஏறக்குறைய 11 லட்சம். இறைச்சிக்கூடங்களிலும் ரயில் பட்டறைகளிலும் மர மண்டிகளிலும் வேலை தேடி ஜெர்மானியர், ஐரிஷ்காரர், சுவீடியர், போலந்துக்காரர், செக் மக்கள் வந்து குவிந்தனர். சபைகள் இதற்கு ஆயத்தமாக இல்லை. இறையியல் கல்லூரிகள் எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்து, வசதியான சபைகளுக்குப் போதகர்களை அனுப்பிக்கொண்டிருந்தன. பல ஆலயங்களில் இருக்கைக்கு வாடகை வசூலித்தார்கள். கூலிக்காரன் எங்கே உட்காருவான் என்று கேட்பாரில்லை.

1856-இல் சிகாகோ வந்து செருப்புக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்த மூடி, ஒரு சபையில் நான்கு இருக்கை வரிசைகளைத் தம் பணத்தில் வாடகைக்கு எடுத்து, கண்ணில் பட்ட இளைஞர்களைக் கூட்டிவந்து நிரப்பினார். பிறகு ஊரார் ‘சின்ன நரகம்’ என்று அழைத்த வடபகுதிச் சேரியின் பிள்ளைகளுக்காக ஒரு சந்தை மண்டபத்தில் ஞாயிறு பள்ளி நடத்தினார். குடியரசுத் தலைவராகத் தேர்வான சூட்டோடு 1860-இல் ஆபிரகாம் லிங்கன் அங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துச் சென்றார். மூடிக்குப் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. குருப்பட்டம் அவர் பெறவே இல்லை. படித்த போதகர்களால் நெருங்க முடியாத மக்களைப் படிக்காத தம்மால் நெருங்க முடிந்தது என்ற அனுபவமே அவருடைய பிற்காலத் திட்டத்துக்கு வேர்.

1871 அக்டோபரில் பெருந்தீ நகரை விழுங்கியது. சுமார் 300 பேர் மாண்டனர். 1 லட்சம் பேர் வீடிழந்தனர். இல்லினாய் மாநிலத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த எம்மா டிரையர் அப்போது சிகாகோவில் இருந்தார். நிவாரணப் பணியில் இறங்கினார். பெண்களைத் திரட்டிப் பயிற்றுமாறு மூடி அவரை வற்புறுத்த, 1873-இல் ‘சிகாகோ வேதாகமப் பணி’ உருவாயிற்று. இலண்டன் மில்ட்மேயில் வில்லியம் பென்னிஃபாதர் நிறுவிய டீக்கனஸ் (திருச்சபைப் பெண் ஊழியர்) இல்லம் அதற்கு மாதிரி. பயிற்சி பெற்றவர்கள் வேதாகமம் படித்தார்கள். வீடு வீடாகச் சந்தித்தார்கள். தையல் வகுப்பும் தாய்மார் கூட்டமும் நடத்தினார்கள். திருநெல்வேலிச் சீமையின் பைபிள் ஸ்திரீகள் செய்த வேலைக்கு இது நெருக்கமானது. மூடியோ நற்செய்திக் கூட்டங்களுக்காக இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று சுற்றிவிட்டு, தாம் பிறந்த நார்த்ஃபீல்டுக்கே குடிபோய்விட்டார். நிலையான பள்ளி ஒன்று வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அவரை விடாமல் நச்சரித்தவர் டிரையர்தான்.

இதற்கிடையே மெதடிஸ்ட் பெண் ஒருவர் முந்திக்கொண்டார். லூசி ரைடர் மேயர் (1849–1922) வேதியியல் கற்பித்தவர், பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றவர். 1885 அக்டோபரில் தம் கணவருடன் சேர்ந்து, வாடகை வீட்டில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவியரோடு சிகாகோ பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். ஐந்து சென்ட் காசுகளாகத் திரட்டிய நிதியும் கட்டடம் கட்ட உதவியது. வேதாகமத்தோடு உடல்நலம், நோயாளிப் பராமரிப்பு ஆகியவையும் பாடத்திட்டத்தில் இருந்தன. குடும்பங்களைச் சந்திப்பது பயிற்சியிலிருந்து பிரிக்க முடியாத பகுதி. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாயிடம் வெறும் வசனத்தோடு போவதில் பயனில்லை என்பது ஒரு மருத்துவருக்குத் தெரியாதா என்ன?

1887-இல் பள்ளியோடு இணைந்த டீக்கனஸ் இல்லம் தோன்றியது. விடுப்பில் வந்திருந்த இசபெல்லா தோபர்ன் அதன் முதல் பொறுப்பாளர்களுள் ஒருவர்; லக்னோவில் இன்று அவர் பெயரால் விளங்கும் மகளிர் கல்லூரிக்கு வித்திட்டவர் அவரே. மறு ஆண்டே மெதடிஸ்ட் பொதுப்பேரவை டீக்கனஸ் பதவியை முறைப்படி ஏற்றது. கறுப்பு உடையும் தலைக்கவிப்பும் அணிந்த இப்பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. உணவும் உறைவிடமும் சிறு கைச்செலவுத் தொகையும் மட்டுமே. சபையின் சிக்கன உணர்வை மெச்சுவதா, பெண்ணுழைப்பை மலிவாக வாங்கியது என்று சொல்வதா? இரண்டும் உண்மை. இப்பள்ளி 1930-களில் காரெட் இறையியல் கல்லூரியோடு இணைந்தது.

மூடியின் முறை 1886 ஜனவரியில் வந்தது. போதகர்களுக்கும் பாமரருக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நிற்க ஆட்கள் தேவை என்று பேசி, 2,50,000 டாலர் திரட்டுமாறு நகரத்தாரிடம் கேட்டார். நான்கு மாதம் கழிந்திருக்கும். மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலையின் வேலைநிறுத்தத்தில் போலீசார் சுட்டனர், மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அதே மெக்கார்மிக் குடும்பம் புதிய பயிற்சித் திட்டத்தின் முக்கியப் புரவலர். வணிகர்களின் காணிக்கையில் பக்தியோடு அச்சமும் கலந்திருந்தது என்று கொள்வதே பொருந்தும். தொழிலாளி கலகக்காரனாவதைவிட விசுவாசியாவது அவர்களுக்கும் நல்லது.

இத்திட்டத்தை நடத்த 1887-இல் சிகாகோ நற்செய்திச் சங்கம் அமைந்தது. உடனே விதிமுறை குறித்துப் பிணக்கு. மூடி விலகல் கடிதம் எழுதி, பிறகு மீட்டுக்கொண்டார். 1889-இல் பள்ளி நிரந்தரமாகத் திறந்தபோது தலைமை ஏற்றவர் யேல் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியிலும் பயின்ற ஆர். ஏ. டோரி. பதினாறு ஆண்டு உழைத்த டிரையர் அதில் இடம்பெறாமல் ஒதுங்கினார். வகுப்பில் கற்றதை மாணவர்கள் வீடுகளிலும் தெருமுனையிலும் கூடாரக் கூட்டங்களிலும் செய்துபார்க்க வேண்டும். மூடி 1899-இல் மறைந்தபின் நிறுவனம் அவர் பெயரைப் பெற்றது. 1890-களில் அங்கே பயின்ற கறுப்பின மாணவி மேரி மெக்லியோட் பெத்தூன் ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக விண்ணப்பித்தார். கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்று மிஷன் வாரியம் கைவிரித்தது. 1904-இல் அவர் புளோரிடாவில் தொடங்கிய பெண்கள் பள்ளி பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

மூடியின் வழியிலிருந்து விலகிய இன்னொரு கிளையும் உண்டு. சிகாகோ இறையியல் கல்லூரியில் 1892-இல் கிறிஸ்தவச் சமூகவியல் பேராசிரியரான கிரேயம் டெய்லர், இரண்டு ஆண்டில் குடியேறிகள் பகுதியில் ‘சிகாகோ காமன்ஸ்’ என்ற சமூகப்பணி இல்லத்தைத் தொடங்கித் தம் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். கூலி, வாடகை, வார்டு அரசியல் ஆகியவற்றை அறியாத போதகர் நகரத்தை அறியார் என்பது அவர் கட்சி. அவர் உருவாக்கிய சமூகப்பணிப் பள்ளி 1920-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சமயச் சார்பற்ற தனித்துறையாகிவிட்டது.

அடுத்த அரை நூற்றாண்டில் மூடி நிறுவனம் வெளிநாட்டு மிஷன், வானொலி எனப் பரந்தது. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் வர, வெள்ளையரும் அவர்களுடைய பல சபைகளும் புறநகருக்கு நகர்ந்தனர். இந்த வெற்றிடத்தில்தான் 1964-இல் பல சபைப் பிரிவுகள் சேர்ந்து நகரப் பயிற்சி மையத்தைத் தொடங்கின. இயக்குநர் எப்பிஸ்கோப்பல் குரு ஜேம்ஸ் பார்க்ஸ் மார்ட்டன். பயிற்சிக்கு வரும் போதகர்களின் கையில் சில டாலர்களைக் கொடுத்து, வீடற்றோர் திரியும் மேற்கு மேடிசன் தெருப் பக்கம் சில நாள் அனுப்பிவிடுவார்கள். ‘முங்குதல்’ என்று அதற்குப் பெயர். எங்கே படுப்பது, யார் சோறு போடுவார்கள், போலீஸ்காரர் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் அவர்களாகவே கற்க வேண்டியவை. பலரை அது உலுக்கியது. ஆனால் திரும்பிப் போக வீடு உள்ளவனின் பசியும் வீடில்லாதவனின் பசியும் ஒன்றாகா என்ற குறை நியாயமானதே. 1970-களில் இம்மையம் மூடப்பட்டது.

1976-இல் பல இறையியல் கல்லூரிகள் கூடி நகரப் போதகப் பயிற்சிக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஊர்ப்புறக் கல்லூரி மாணவர்கள் சிகாகோ வந்து, நகரச் சபைகளில் வேலை செய்துகொண்டே படித்து, மதிப்பெண்ணோடு தங்கள் கல்லூரிக்குத் திரும்ப முடிந்தது. இதைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ரே பாக்கி மூடி நிறுவனத்தில் படித்தவர். நகரத்தின் ஏழைப் பகுதியில் பத்தாண்டு பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். 1980-இல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த, உலக நற்செய்திப் பணிக்கான லோசான் இயக்க மாநாட்டில் பெருநகரங்கள் பற்றிய கலந்தாய்வை அவர் வழிநடத்தினார். அதன்பின் பல கண்டங்களின் நகரங்களுக்குச் சென்று, ஊழியத்துக்குத் தடை எது என்று உள்ளூர்த் தலைவர்களிடம் கேட்டார். வறுமை, குற்றம், அரசாங்கம் என்று பட்டியல் வரும் என எதிர்பார்த்தவருக்குக் கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை சபைகளின் உள்விவகாரங்களையே காட்டின.