கிளி கொடுத்த காய்ச்சல்

1929 டிசம்பர். அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகர வர்த்தக சபைச் செயலாளர் சைமன் மார்ட்டின், மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு கிளி வாங்கினார். பங்குச் சந்தை படுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் மனுஷருக்கு ஆசை!

பண்டிகைக்கு முதல் நாளே கிளி செத்துப்போனது. ஜனவரியில் மனைவி, மகள், மருமகன் மூவரும் படுக்கையில் விழுந்தார்கள். காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, நுரையீரலில் சளி. நிமோனியாவா, டைபாய்டா? டாக்டருக்கே குழப்பம். கடைசியில் சந்தேகம் கிளிமேல் விழுந்தது. வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது.

இது புது நோய் ஒன்றும் இல்லை. 1879-லேயே சுவிட்சர்லாந்தில் ஒரே வீட்டில் ஏழு பேரைத் தாக்கி, மூன்று பேரைக் கொன்றிருக்கிறது. ரிட்டர் என்ற டாக்டர் அப்போதே கூண்டுப் பறவைகளைக் கைகாட்டினார். அடுத்து, 1892-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஐந்நூறு கிளிகள் பாரீஸுக்குக் கப்பலேறின. வழியிலேயே ஏகப்பட்டவை செத்தன. பிழைத்தவை நோயை விற்றுக்கொண்டே போயின என்றுதான் சொல்லவேண்டும். செத்த கிளிகளின் இறக்கையிலிருந்து நோகார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். உலகமும் நம்பியது. ஆனால் அவர் பிடித்தது வேறு ஆளை!

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே ஒரு கணக்கு உறுத்தும். ஒரு கூண்டில் எவ்வளவு கிளி அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு ஏற்றுமதிச் செலவு மிச்சம். ஆனால் கிருமி உள்ளே இருந்தாலும் பல கிளிகள் ஆரோக்கியமாகத்தான் தெரியும். நெரிசல், பட்டினி, பயணம் என்று அலைக்கழித்தால் எச்சத்தில் கிருமி கொட்டும். அது காய்ந்து தூசியாகும். நீங்கள் கூண்டைப் பெருக்கினால் போதும், மூச்சோடு உள்ளே போய்விடும்.

வாஷிங்டனில் அரசு ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங்கும், அவருடைய உதவியாளர் ஹென்றி ஆண்டர்சனும் நோய்க்கிளிகளோடு மல்லுக்கட்டினார்கள். ஆண்டர்சனை எல்லோரும் 'ஷார்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜனவரி 24-ல் அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். பிப்ரவரி 8-ல் ஷார்ட்டி இறந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் படுத்தார். நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை அவருக்குச் செலுத்தினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. கிளி இருந்த அறைப் பக்கமே போகாத ஊழியர்களும் வரிசையாக விழுந்தார்கள். மார்ச் மாதம் இயக்குநர் மெக்காய் தனியாக உள்ளே போனார். அங்கிருந்த பறவைகள், விலங்குகள் அத்தனையையும் கொன்று எரித்தார். அப்புறம் கட்டடம் முழுக்க சயனைடு புகை. (அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! ஆனால் வேறு வழியும் இல்லை.)

அமெரிக்காவில் மட்டும் அந்தச் சீசனில் 169 பேருக்கு நோய், 33 பேர் பலி. அதே 1930-ல் லண்டனில் பெட்சன் உள்ளிட்டவர்கள் நிஜக் குற்றவாளியை நெருங்கினார்கள். பாக்டீரியாவைத் தடுக்கும் நுண்வடிகட்டியில்கூட அது நழுவிப் போனது. உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகியது. அதனால் 'வைரஸ்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதுவும் ஒருவகை பாக்டீரியாதான், பெயர் கிளமிடியா சிட்டாசி என்பது தீர்மானமாகப் பல வருஷம் ஆனது.

பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும் அல்லவா? கேட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்து மாத்திரைகளில் நோய் அடங்கிவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான ஆரியோமைசின் விற்பனைக்கு வந்தது 1948-ல். ஷார்ட்டி இறந்து பதினெட்டு வருஷம் கழித்து.