வெடியுப்பு சொல்லும் வரலாறு



அமெரிக்க விடுதலைப் போர் என்றவுடன் உங்கள் பாடநூல் நான்கு ஆண்டுகளை வரிசையாக நிறுத்தும். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 342 கடலில் எறியப்பட்டன. 1776இல் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. 1781இல் கார்ன்வாலிஸ் பிரபு யார்க்டவுனில் தம் படையுடன் சரணடைந்தார். 1783இல் பாரிஸ் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இவற்றை நெட்டுருச் செய்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தேர்வு முடிந்த மறுநாளே நான்கும் மறந்துபோகும்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வானம் பார்த்த கரிசல் நிலம் அது. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு, அத்தொழிலும் அதனை அடுத்து வளர்ந்த பட்டாசுத் தொழிலுமே அங்குப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டு வருகின்றன. எங்கள் பக்கத்தில் ‘மருந்து’ என்று சொன்னால், நோய்க்கு உண்பதை நினைப்பதற்கு முன்னால் வெடிமருந்தையே நினைப்பர். அத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, கடல்களுக்கு அப்பாலுள்ள அமெரிக்காவின் பழைய போர்களால் ஆவதென்ன? இக்கேள்வியை என் மாணவர்கள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் முகம் கேட்டதுண்டு.

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்று. எம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மருந்து. ஆகவே நான் மருந்திலிருந்தே தொடங்கினேன்.

அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்றோர் ஊர் உண்டு. 1926ஆம் ஆண்டு முதல் அவ்வூரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தவாறே புதுப்பித்து வந்திருக்கின்றனர். அக்கால உடை உடுத்த கொல்லரும் தச்சரும் அச்சடிப்போரும் அங்கே பார்வையாளர் முன் வேலை செய்து காட்டுவர். வரலாற்றை வாழ்ந்து காட்டிக் கற்பிக்கும் முறை அது. நான் அங்குச் சென்றதில்லை, படித்து அறிந்ததே. அவ்வூரின் நடுவே எட்டு மூலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் பழைய மருந்துக் கிடங்கு. 1775 ஏப்ரலில் ஆங்கில ஆளுநர் டன்மோர், இரவோடிரவாக அக்கிடங்கிலிருந்த மருந்துப் பீப்பாய்களை எடுத்துச் செல்லச் செய்தார். விடிந்ததும் ஊர் கொதித்தெழுந்தது. அம்மாநிலத்தில் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. வரியும் உரிமையும் பற்றிய வாதம் முற்றியபோது, இரு தரப்பினரும் முதலில் ஓடியது மருந்துக் கிடங்கை நோக்கித்தான் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் கிராமப் பள்ளியில் அத்தகைய கட்டடம் ஏது? உடையும் ஏது? ஒரு தராசும் அடுப்பங்கரைப் பொருள்களும் போதும் என்று முடிவு செய்தேன். கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வகுப்பறையில் உண்மையான மருந்துக்கு இடமில்லை; அந்த ஊர்களில் அதை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வெடியுப்புக்குப் பதிலாகக் கல்லுப்பு, கந்தகத்துக்குப் பதிலாக மஞ்சள்தூள், கரிக்குக் கரியே என்று வைத்துக்கொண்டு, ஒரு கிலோ அளவுக்குப் பிள்ளைகள் நிறுத்துத் தனித்தனிக் குவியலாக வைத்தனர். “சார், இது மருந்து இல்லை, பாதிச் சாம்பார்” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும், உப்புக் குவியல் மற்ற இரண்டையும்விட எவ்வளவு பெரியது என்பதை எல்லோரும் கண்டனர். கரியை எங்கும் சுட்டுக்கொள்ளலாம். வெடியுப்பு இல்லாதவன் போர் செய்ய இயலாது.

இந்த ஒரு குவியலைக் காட்டியபின் அமெரிக்கப் போர் தானே விளங்கத் தொடங்கிற்று. 1775 ஆகஸ்டில், பாஸ்டன் நகரை முற்றுகையிட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தம் கையிருப்பைக் கணக்கெடுக்கச் செய்தார். ஆளுக்கு ஒன்பது முறை சுடுவதற்கே மருந்து இருந்தது! எதிரிக்கு இது தெரிந்திருந்தால் விடுதலைப் போர் அந்த மாதமே முடிந்திருக்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டே வெடியுப்பு எடுக்கும் முறைகளைச் சிறு நூலாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கிற்று. தொழுவத்து மண்ணையும் பழைய கிடங்குகளின் தரையையும் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உப்பாக்கும் முறை அது. அதுவும் போதவில்லை. முதல் ஆண்டுகளில் அவர்கள் சுட்ட மருந்தின் பெரும்பகுதி பிரான்சு முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்ததேயாகும்.

எதிர்த்தரப்பில் அந்தக் குறை இல்லை. ஏன்? விடை நம் நாட்டிலே இருக்கிறது. பீகாரில், பாட்னாவைச் சுற்றிய சிற்றூர்களில், நோனியா என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணிலிருந்து வெடியுப்புக் காய்ச்சி வந்தனர். பிளாசிப் போருக்கு மறு ஆண்டாகிய 1758இல், அந்த உப்பு முழுவதையும் தானே வாங்கும் தனியுரிமையைக் கம்பெனி மீர் ஜாபரிடமிருந்து பெற்றுக்கொண்டது. கங்கை வழியே கல்கத்தாவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்ற அவ்வுப்பே ஆங்கிலேயரின் பீரங்கிகளுக்கு உணவாயிற்று. பிளாசியை நாம் வங்காளத்தின் கதையாக மட்டும் படிக்கிறோம். அமெரிக்கரும் அதனைத் தம் கதையாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

போர் தமிழகத்துக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்கருக்குத் துணை நின்றதால், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எங்கெங்கு எதிர்ப்பட்டனரோ அங்கெல்லாம் சண்டை மூண்டது. 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டிருந்தனர். 20ஆம் நாள் அவ்வூருக்கு எதிரே கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் மோதின. ஐரோப்பாவில் சனவரியிலேயே சமாதானம் பேசி முடித்துவிட்டனர். அச்செய்தி கடலூருக்கு வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆயிற்று. முடிந்துபோன போருக்காக இடைப்பட்ட நாள்களில் எத்தனை பேர் மடிந்தனர்! அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிச் சண்டைகளுள் ஒன்று தென்னார்க்காட்டுக் கடற்கரையில் நடந்தது என்று சொன்னால் கல்லூரி மாணவர்கள்கூட நம்புவதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்டன் தெற்கே வந்து பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையடியில், எங்கள் இராசபாளையத்துக்கு அண்மையிலுள்ள சிவகிரியின் மேல் படை செலுத்தினார். மறு மாதம் பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்கா விடுதலை பெற்ற அந்த வேளையில் நம் பாளையங்களைச் சுற்றிக் கயிறு இறுகத் தொடங்கிவிட்டது.

இனி, யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் என்ன ஆனார்? 1786இல் நமக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார்! அவர் காலத்தில், 1792இல், ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் பெறும் உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் கப்பத்தைக் கேட்டே கலெக்டர் ஜாக்சன், 1798இல் கட்டபொம்மனைத் திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்கள் வழியாக இராமநாதபுரம் வரை தம் பின்னால் அலையவிட்டார். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது; அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையும் மருது சகோதரரும் மீண்டும் எழுந்தனர். அவர்களை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் அதிகாரி, வளரி எறியும் கலையை முன்னாளில் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆசானைத் தேடி வேட்டையாட வேண்டிய மாணாக்கன்! அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதுவர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், இப்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருத்தலாகாது என்று கம்பெனி ஆணையிட்டது.

ராக்கெட்டின் கதை பலரும் அறிந்ததாதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். இரும்புக் குழலில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டி எறியும் மைசூர் ராக்கெட்டுகள், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படையைக் கலக்கின. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவற்றுட் சில இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றைக் கண்டு காங்கிரீவ் என்பவர் புதிய ராக்கெட் செய்தார். 1814 செப்டம்பரில் பால்டிமோர்க் கோட்டை மேல் அவை பொழிந்ததைக் கண்டு ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடலே 1931 முதல் அமெரிக்க நாட்டுப்பண். சிவகாசிப் பிள்ளைகளுக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். ஆனால் பெருமை பேசுவதோடு நின்றுவிடக் கூடாது என்று நான் மேலும் ஒரு பாடம் நடத்துவதுண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோட்டாக்கள் காகிதத்தால் செய்யப்பட்டன. காகிதத்தைக் குழலாகச் சுற்றி, குண்டும் மருந்தும் இட்டு, வாயைக் கட்ட வேண்டும். அவ்வேலைக்கு இளம் பெண்களை அமர்த்தினர். பெண்களின் மெல்லிய விரல்கள் அதற்கு ஏற்றவை என்றனர். ஏழைப் பெண்கள், பலர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தினர். 1862 செப்டம்பர் 17ஆம் நாள் பிட்ஸ்பர்க் அருகேயுள்ள அல்லெகேனி ஆயுதசாலை வெடித்து 78 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களே. அதே நாளில்தான் ஆன்டீட்டம் என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. எல்லா நூலிலும் ஆன்டீட்டம் உண்டு. அல்லெகேனி சில நூல்களிலேயே உண்டு.

1864 ஜூன் 17இல் தலைநகர் வாஷிங்டனின் ஆயுதசாலையில் மேலும் ஒரு விபத்து நிகழ்ந்தது. அங்கு வாணவேடிக்கைக்கான மணிமருந்தை வெளியே வெயிலில் காயப்போட்டிருந்தனர். வெப்பத்தால் அது தானே பற்றிக்கொண்டது. தீப்பொறி, திறந்திருந்த சன்னல் வழியே பெண்கள் தோட்டாச் சுற்றிக்கொண்டிருந்த அறைக்குள் பாய்ந்தது. 21 பெண்கள் இறந்தனர். ஜனாதிபதி லிங்கன் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டார். அவர்களுடைய பெயர்களைப் பொறித்த நினைவுத்தூண் இன்றும் அந்நகரில் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் வகுப்பில் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை. மணிமருந்து இன்னதென்றும், அதை வெயிலில் காயப்போடுவதென்றால் என்னவென்றும், சித்திரை வெயிலில் அது என்ன செய்யும் என்றும் அப்பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு முறை கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதியிருந்தேன். 1864 வாஷிங்டன் என்பதோடு என் வரிசை முடிந்தது. ஒரு மாணவி எழுந்து வந்து, அதன் கீழே ‘2012 முதலிப்பட்டி’ என்று எழுதிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தாள். அவ்வாண்டு ஆசிரியர் நாளன்று சிவகாசியை அடுத்த அவ்வூரில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேர்வுக்கு உரியதன்று அவ்வரி. ஆயினும் எல்லாரும் அதைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர்.

அதன் பின்னர் நாங்கள் ஒரு வேலையை மேற்கொண்டோம். நீங்களும் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வருவது: எந்த வயதில் வேலைக்குப் போனீர்கள்? என்ன வேலை? கூலி எவ்வளவு? உடன் வேலை செய்தவர் யார் யார்? 1996இல் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் பற்றிச் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்ததற்கு முன்பு பிள்ளைப் பருவம் கழித்தவர்களின் விடைகளைப் படித்தால், விடியுமுன் ஊருக்குள் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற ஆலைப் பேருந்தும், தூங்கி வழிந்த கண்களும் அப்படியே தெரியும். ஆண்டையும் ஊரையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் கேள்விக்கு மட்டும் ஏட்டில் நிறைய இடம் விட்டுவையுங்கள். எங்கள் பாட்டிமார்கள் அதற்கு விடை சொல்லத் தொடங்கினால் ஒரு பக்கம் போதாது.