ஆலந்தூர் நகராட்சி: வரலாறும் படிப்பினையும்

பெருநகரத்தின் விளிம்பில் வளரும் குடியிருப்புகளுக்கு இருவகை இயல்பு உண்டு. பிழைப்புக்கு அவை நகரத்தைச் சார்ந்திருக்கும். குடிநீர், தெரு, சாக்கடை ஆகியவற்றுக்கோ தம் உள்ளாட்சியையே நம்பியிருக்கும். சென்னையின் தென்மேற்கில் பரங்கிமலையை அடுத்து அமைந்த ஆலந்தூர் இதற்குத் தக்க சான்றாகும்.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நகரத்தில் பணிபுரிந்து புறநகரில் குடியிருக்கும் வாழ்க்கைமுறைக்கு இது வழிவகுத்தது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல் முதலிய பகுதிகள் காலப்போக்கில் நடுத்தர மக்களின் குடியிருப்புகளாக விரிந்தன. இவை ஆலந்தூர் நகராட்சியின் ஆளுகைக்குள் அமைந்தன.

இந்நகராட்சி 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்கியது. மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் முடிவெடுத்தது. அரசு அமர்த்திய ஆணையர் அவற்றை நிறைவேற்றினார். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. அதன்பின் தமிழகத்தில் முதன்முறையாக 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.

அக்காலத்தில் ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளின் கழிவுநீர் செப்டிக் டேங்குகளில் தேங்கியது. திறந்த கால்வாய்களிலும் ஓடியது. 1996இல் பொறுப்பேற்ற நகர்மன்றம், ஆர். எஸ். பாரதியின் தலைமையில் இக்குறையைக் களைய முற்பட்டது. திட்ட மதிப்பீடு ஏறத்தாழ ரூ.34 கோடி. நகராட்சியின் வருவாய் மட்டும் இதற்குப் போதாது. எனவே இணைப்புப் பெறும் ஒவ்வொரு குடும்பமும் ரூ.5,000 வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. குழாய் பதிக்கப்படுவதற்கு முன்பே பணம் கேட்பது எளிதன்று. தெருக்கள்தோறும் கூட்டங்கள் நடத்தித் திட்டம் விளக்கப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் துணை நின்றன. மக்கள் செலுத்திய தொகையோடு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் சேர்ந்து திட்டம் உருப்பெற்றது. பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையம் 2003இல் செயற்படத் தொடங்கியது. கட்டணம் கேட்டால் மக்கள் மறுப்பர் என்னும் பொதுக்கருத்தை ஆலந்தூர் பொய்ப்பித்தது எனலாம்.

2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருகியது. ஆலந்தூர் அதன் 12ஆம் மண்டலமாயிற்று; தனி நகர்மன்றம் மறைந்தது.

பெருநகரம் முழுமைக்கும் ஒரே திட்டமிடல் அமைவது இணைப்பின் பயனாகும். ஆயின் இதில் ஓர் இழப்பும் உண்டு. 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலரே நிருவகித்தார். அவ்வாண்டுகளில் ஆலந்தூர் மக்கள் தம் தெருவின் குறையை முறையிடத் தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இலர். பணம் செலுத்துமாறு மக்களைக் கேட்ட நகர்மன்றம், அவர்கள் வாக்கினால் அமைந்தது; அவர்களுக்கு விடைகூறும் பொறுப்பும் அதற்கு இருந்தது. அந்நம்பிக்கையே குழாய்களுக்கு முன்னர் இடப்பட்ட அடித்தளம். உள்ளாட்சி எல்லைகளை விரிவாக்குவோர் மனங்கொள்ளத்தக்கது இது.