ஒரு பத்திரிகையாளரின் பதிலும் ஒரு சிறிய காரும்

நாங்கள் எழுதுபவை மறுநாளே கடலை சுற்றும் கடதாசியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஒரு பத்திரிகையாளர் சொன்ன பதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களாக உருவெடுத்த வரலாறும் இருக்கிறது.

பொப் ஹோல் என்ற அமெரிக்கர் மோட்டார் சஞ்சிகைகளில் எழுதிவந்தவர். ஜப்பானிய மொழியும் அறிந்தவர். 1970களின் பிற்பகுதியில் அவர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். ஹிரோஷிமாவின் மஸ்டா நிறுவனத்தில் சுழல் இயந்திரத்தை வெற்றிபெறச் செய்த பொறியியலாளர் அவர். அடுத்து எத்தகைய காரைத் தயாரிக்கலாம் என்று யமமோட்டோ கேட்டபோது, எளிமையான, எடை குறைந்த, திறந்த கூரையுடைய, இருவர் அமரும் கார் ஒன்றை, கைவசமுள்ள பாகங்களைக் கொண்டே செய்யலாம் என்றார் ஹோல்.

இந்தப் பதிலின் பின்னணியில் ஓர் இழப்பு இருந்தது. சாதாரண வருமானமுள்ளவரும் வாங்கக்கூடிய விளையாட்டுக் காரை உலகுக்குப் பழக்கியவர்கள் பிரித்தானியர்கள். எம்.ஜி.பி. கார் மட்டுமே 5 இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. ஆனால் அவை எண்ணெய் ஒழுகின, மழை நீரை உள்ளே விட்டன. 1970களின் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்கப் புதிய வடிவமைப்புகளுக்குப் பதிலாகக் கனத்த ரப்பர் பம்பர்களும் உயர்த்தப்பட்ட உடலும் வந்து சேர்ந்தன. 1980 இல் எம்.ஜி.பி.யும் ட்ரையம்ப் ஸ்பிற்பயரும் முடிவுக்கு வந்தன. மக்களின் விருப்பம் மறையவில்லை. அதை நிறைவேற்றுவோர்தாம் மறைந்திருந்தனர்.

1981 இல் ஹோல், மஸ்டாவின் அமெரிக்கக் கிளையில் சேர்ந்தார். யமமோட்டோ பழைய உரையாடலை மறந்திருக்கவில்லை. டோக்கியோ குழுவினர் முன்சக்கர இயக்கத்தையும் நடுவில் எஞ்சின் அமைந்த வடிவத்தையும் முன்வைத்தனர். கலிபோர்னியக் குழுவினரோ எஞ்சின் முன்னே, உந்துசக்தி பின்சக்கரங்களுக்கு என்ற பழைய முறையை வலியுறுத்தினர். 1984 இல் பழைய முறையே தெரிவாயிற்று. மாதிரிக் கார் இங்கிலாந்தின் வேர்திங் நகரில் உருவாக்கப்பட்டு, 1985 இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராத் தெருக்களில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. தெருவில் கண்டவர்கள் காட்டிய ஆர்வம் தயக்கத்தைப் போக்கியது.

பழைய முறையை ஏன் விரும்பினர்? முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் செய்ய, தள்ளும் வேலையைப் பின்சக்கரங்கள் ஏற்கும்போது, ஸ்டியரிங்கைப் பற்றிய கைகளுக்கு வீதியின் செய்தி கலப்பின்றி வந்து சேர்கிறது. திட்டத்தை வழிநடத்திய தொஷிஹிகோ ஹிராய் இதனை 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லால் குறித்தார். குதிரையும் அதன்மீது அமர்ந்தவரும் ஓருடலாதல் என்பது அதன் பொருள்.

அந்த எண்ணம் இரும்பிலும் அலுமினியத்திலும் எழுதப்பட்டது. காரின் எடை சுமார் 940 கிலோகிராம் மட்டுமே. அது முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பகிரப்பட்டது. கியர்பெட்டியையும் பின்அச்சின் பற்சக்கரத் தொகுதியையும் ஓர் அலுமினியச் சட்டம் இறுகப் பிணைத்ததால், பாதம் அழுத்தியதும் கார் தாமதமின்றி விடையளித்தது. கியர் மாற்ற மணிக்கட்டின் சிற்றசைவே போதுமாயிருந்தது. 1.6 லீற்றர் எஞ்சின் குடும்பக் கார் ஒன்றிலிருந்து வந்தது. அதன் வலு சுமார் 116 குதிரைவலு. மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொட ஏறத்தாழ 9 செக்கன்கள் பிடித்தன. இதைவிட விரைவான கார்கள் அன்றும் பல இருந்தன.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய விடயம் இருக்கிறது. வலுமிக்க காரின் முழுத்திறனைச் சாதாரண வீதியில் எவரும் பயன்படுத்த முடியாது. வலு குறைந்த, எடை குறைந்த காரிலோ சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே சாரதி தன் முழுத்திறமையையும் காட்டலாம். எங்கள் நாட்டில் மொறிஸ் மைனர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1948 இல் அறிமுகமான அந்தச் சாதுவான காரின் ஸ்டியரிங் துல்லியத்தை இன்றும் சிலாகிப்போர் உள்ளனர்.

1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 மியாட்டா என்ற பெயரில் அது அறிமுகமானது. அமெரிக்க விலை 13,800 டொலர். அடுத்த சில ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ., பியட், மெர்சிடிஸ், போர்ஷே ஆகியனவும் இருவர் அமரும் திறந்த கார்களுடன் சந்தைக்கு வந்தன. 1995 இல் எம்.ஜி.யே எம்.ஜி.எவ். காருடன் மீண்டும் வந்தது. ஆசான் தன் பாடத்தை மாணவனிடம் கேட்டறிந்தது போலிருந்தது அது. உலகில் அதிகம் விற்பனையான இரு இருக்கை விளையாட்டுக் கார் என்று 2000 ஆம் ஆண்டில் கின்னஸ் பதிவு செய்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது.

வெற்றிக்குப் பின் எடை கூடுவது கார்களின் பொதுவிதி. பாதுகாப்பு உபகரணங்களும் வசதிகளும் ஒவ்வொன்றாக ஏறும்போது எவற்றையும் தவறென்று சொல்ல இயலாது. மஸ்டாவும் இதற்கு விலக்கல்ல. 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறை பெருத்துப்போனது. ஆனால் 2015 இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறைக்காகப் பொறியியலாளர்கள் கிராம் கணக்கில் குறைத்து, சுமார் 100 கிலோகிராமை இறக்கினர். சேர்ப்பது எல்லோருக்கும் எளிது. குறைப்பதற்கு எது தேவை, எது தேவையற்றது என்ற தெளிவு வேண்டும். தலையங்கத்தைச் செம்மைப்படுத்தும் ஆசிரியருக்கும் அதே கடமைதான்.

இன்று மின்கார்கள் கனத்த மின்கலங்களைச் சுமக்கின்றன; சாரதியின் வேலையைக் கணினி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. சூழலுக்காகவும் உயிர்ப்பாதுகாப்புக்காகவும் இவை தேவையே. ஆயினும், மனிதன் தன் கையாலும் காலாலும் ஒரு காரியத்தை நேர்த்தியாகச் செய்து மகிழும் இடம் சுருங்கி வருகிறது என்பதையும் மறைக்க முடியாது.

யமமோட்டோ 2017 டிசம்பரில் தமது 95 ஆவது வயதில் மறைந்தார். நாட்டை ஆள்வோரும் நிறுவனங்களை நடத்துவோரும் பத்திரிகையாளனிடம் கேள்வி கேட்பது அரிது. அவன் சொன்ன பதிலை நினைவில் வைத்திருப்பது அதனினும் அரிது. அந்தச் சிறிய கார் உருவானதற்கு, ஹோலின் பதிலைப் போலவே யமமோட்டோவின் அந்த நினைவும் காரணம்.